பத்மாதேவியின் குளிசைப் பெட்டி

பொலிஸ் சார்ஜன்ட் ரிஸ்மி நல்ல பிள்ளை. ஆனால் அவருடைய தமிழ் எழுத்து மோசம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிய முதல் பக்கத்தில் 'மரணம்' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு பிழை. கடதாசியைத் தாரும், நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முப்பத்து மூன்று வருடம் வார்டில் அறிக்கை எழுதிய கை இது.

நான் செல்லையா இராசமலர். வயது அறுபத்து நான்கு. ஓய்வுபெற்ற மேட்ரன். கலியாணம் செய்யவில்லை. ஒன்பது வருடமாக அம்பிட்டியவில் என் தம்பி விவேகானந்தன் வீட்டில் இருக்கிறேன். தம்பி பொறியியலாளர். அவனுடைய மனைவி பத்மாதேவி, ஐம்பத்திரண்டு வயது, கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணித ஆசிரியை. அவளுடைய கார் இறக்கத்து வளைவில் மதிலை உடைத்துக்கொண்டு கீழே விழுந்து அவள் செத்துப்போனாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அவளுடைய இரத்தத்தில் நித்திரைக் குளிசை எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

போன வருடம் பத்மாவுக்கு மாதவிலக்கு நின்றது. எல்லாப் பெண்களுக்கும் நிற்கிறது. பன்விலவில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் நிற்கிறது, அவர்கள் மறுநாள் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். பத்மாவுக்கோ அது வீடே கூடி நின்று பார்க்க வேண்டிய சம்பவமாகிவிட்டது. இரவில் வேர்த்துக் கொட்டுகிறதாம். ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கண் மூட முடியவில்லையாம். காலைச் சாப்பாட்டு மேசையில், தம்பிக்கு முன்னாலேயே, வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு சொல்வாள்.

"எனக்குள்ள ஆரோ அடுப்பு மூட்டிவிட்ட மாதிரிக் கிடக்கு மச்சாள்."

தம்பி இரவில் எழும்பி அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். புது மின்விசிறி வாங்கினான். பருத்தி விரிப்புகள் வாங்கினான். ஐம்பது பேரை மேய்க்கிற பொறியியலாளர், பெண்சாதியின் தலையணை உறையைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கும் அந்த வயது வந்தது. நாற்பத்தெட்டில், இரவுக் கடமையில், இறுக்கிக் கட்டிய பெல்ட்டுக்குள்ளே வேர்வை ஓட ஓட நாற்பது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தேன். நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருவரும் என்னிடம் கேட்கவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு தம்பி அவளை டொக்டர் ஷிபானாவிடம் கூட்டிப்போனான். நானும் போனேன். அந்தப் பெண்ணுக்கு என்னுடைய சேவைக்காலத்தின் அளவுகூட வயதிருக்காது.

"இது பைத்தியமில்ல டீச்சர். ஒங்கட பலவீனமும் இல்ல," என்றாள். "ஹோர்மோன் கொறஞ்சா தூக்கம் கெடும். மருந்து இருக்கி. ஒவ்வொரு நாளும் எத்தன மணித்தியாலம் தூங்கினீங்கன்டு எழுதி வைங்க."

பத்மா அழுதாள். ஒரு சின்னப் பெண் சொன்ன நாலு வார்த்தைக்கு, இருபத்தேழு வருடம் படிப்பித்த ஆசிரியை மூக்கைச் சிந்தினாள்.

"மருந்து விஷயத்தை அக்காவிட்ட விடுவம்," என்றான் தம்பி. அது சரியான முடிவு. ஏழு அறை உள்ள குளிசைப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் அதை நிரப்பினேன். டொக்டர் எழுதிய குளிசைகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதே அளவான வெள்ளை வைட்டமின் குளிசைகளைப் பெட்டியில் போட்டேன்.

இதைக் குற்றம் என்று எழுதப் பார்த்தார் சார்ஜன்ட். நான் செய்தது பரிசோதனை. அவளுடைய நோய் மனதில்தான் என்பது என் கருத்து. கருத்து இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான் நினைத்தது சரியாகவே இருந்தது. முதல் வாரம் பத்மா ஐந்து மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் என்று நித்திரை கொண்டாள். கணித ஆசிரியை அல்லவா, சதுரக் கோட்டுக் கொப்பியில் அதற்கு வரைபு கீறினாள். நித்திரைக்கு வரைபு கீறிய பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோடு மேலே ஏறுவதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் மச்சாள்," என்றாள். சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் வாரம் கோடு இறங்கியது. இரண்டாம் மாதம் இரண்டு மணித்தியாலத்தில் வந்து நின்றது. டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டினாள். நானும் பெட்டியில் ஒன்றுக்கு இரண்டு போட்டேன்.

பத்மா மெலிந்தாள். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். ஒருநாள் வகுப்பில் தேற்றம் ஒன்றைப் பாதிவரை எழுதிவிட்டு, மீதி வராமல் பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதிபர் இரண்டு கிழமை லீவு போடச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள்.

"மச்சாள், நீங்கள் எத்தினை நோயாளியளைக் கண்டிருப்பியள். உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு விசர் பிடிக்குதோ?"

"எனக்கென்ன தெரியும்," என்றேன். "சில பேருக்கு இப்பிடித்தான் துவங்கும்."

தம்பியிடமும் அதையேதான் சொன்னேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றான். அவனுக்காகத்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் டொக்டர் ஷிபானாவுக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு மருந்துக்கும் ஒன்றும் மாறவில்லை என்றால் மருந்து உடம்பில் சேருகிறதா என்று பார்க்க வேண்டும், வியாழக்கிழமை காலை வந்து இரத்தம் கொடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னாள். பத்மா அதைச் சந்தோஷமாக என்னிடம் வந்து சொன்னாள். அந்த இரத்தத்தில் என்ன இருக்காது என்பது எனக்குத் தெரியும். இது இரகசியமில்லை, நான் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது முறையல்ல.

என் அலுமாரியில் நித்திரைக் குளிசைகள் இருந்தன. என்னுடையவை. எனக்கு வயது காரணமாக மூன்று மணிக்குமேல் நித்திரை வராது, பதினாறு வருடமாக அப்படித்தான். அதற்கும் பத்மாவின் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

வியாழக்கிழமை தம்பி விடியவே வேலை பார்க்க ஹுன்னஸ்கிரியவுக்குப் போய்விட்டான். மூன்று குளிசையை இடித்து, பத்மாவின் பால் தேத்தண்ணியில் கரைத்து, சீனி ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தேன். குடித்தால் வீட்டிலேயே படுத்துவிடுவாள், கிளினிக் தவறும் என்பதுதான் என் எண்ணம். அவளுக்கும் நித்திரைதானே வேண்டும்.

அவள் படுக்கவில்லை. சேலை உடுத்து, கைப்பையோடு விறாந்தைக்கு வந்தாள்.

"கண் சொருகுது மச்சாள். ஓட்டோ ஒண்டு பிடிச்சுப் போகட்டோ? இல்லாட்டி இண்டைக்கு நிக்கட்டோ?"

நில்லும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அதைத்தான் நான் விரும்பியிருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அவள் அப்படி நின்று, கொட்டாவி விட்டுக்கொண்டு, தன் நித்திரையைப் பற்றி இன்னுமொரு தரம் என்னிடமே கேட்டபோது எனக்கு அலுத்துவிட்டது.

"நித்திரை வாறேல்லை எண்டுதானே டொக்டரிட்டப் போறீர்," என்றேன். "இப்ப நித்திரை வருகுது எண்டு நிக்கப்போறீரோ? காரை எடுத்துக்கொண்டு போம்."

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான்," என்றாள். எதைச் சொன்னாலும் கேட்கிற ஆள் அவள், மற்றவர்கள் சொல்வது போல் பிடிவாதக்காரி அல்ல.

எங்கள் கேற்றுக்கு வெளியே வீதி ஒடுக்கம். அவள் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது தூணில் ஒருதரம் தட்டினாள். திரும்பவும் முன்னுக்கு எடுத்துச் சரிக்கட்டினாள். தலை ஒருதரம் ஸ்டியரிங்கில் சாய்ந்து நிமிர்ந்தது. அதை நான் பார்த்தேன். எவ்வளவு மருந்து எவ்வளவு நேரத்தில் ஆளைச் சாய்க்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. மேலேயிருந்து ஒரு பஸ் வேகமாக வந்துகொண்டிருந்தது. நான் வீதியில் இறங்கி, கையைக் காட்டி அதை நிறுத்தினேன். பத்மா காரை வெளியே எடுத்து, கண்ணாடியைக் கீழே இறக்கி, "தாங்ஸ் மச்சாள்," என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் போனாள்.

அந்த பஸ் சாரதியைக் கூப்பிட்டு விசாரியுங்கள், அவரும் சொல்வார். அவளுக்கு ஒரு கீறலும் படாமல் போகட்டும் என்றுதான் நான் வீதியில் இறங்கி நின்றேன்.