வெள்ளிக்கிழமைப் பயேயா

லக்சன்: என்ரை பேர் றிஷி. வயசு முப்பத்தொண்டு. இப்ப மெல்பேர்னிலை, ஒரு ஸ்பானிஷ் சாப்பாட்டுக் கடையிலை இருக்கிறன்...

நிஷானி: பெத்த தாய்க்கு எழுதேக்கை ஆராவது பேர், வயசு சொல்லுவினமோ லக்சன்?

லக்சன்: ஐயோ அண்ணி, கதைக்காதேங்கோ! இந்தப் போன் கேக்கிறதெல்லாத்தையும் எழுதுது. பாருங்கோ, "பெத்த தாய்க்கு" எண்டு விழுந்திட்டுது.

நிஷானி: அழிச்சுப்போட்டுக் கையாலை எழுதன்.

லக்சன்: அண்ணா மாதிரித் தமிழிலை ரைப் பண்ண எனக்கு வராது. சும்மா, வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்.

நிஷானி: உன்ரை அண்ணாவின்ரை போனிலை இருந்து போனால் அவரெண்டுதான் மாமி நினைப்பா. நீ பேர் சொல்லத் தேவையில்லை.

லக்சன்: சரி. "அம்மா, நான் நல்லா இருக்கிறன்"...

நிஷானி: பொறு, பொறு. அவர் அப்பிடித் தொடங்க மாட்டார். "அம்மா, சாப்பிட்டீங்களோ" எண்டுதான்.

லக்சன்: ஒப்பரேசனுக்குப் போற ஆளிட்டையோ? வெறும் வயித்தோடை படுத்திருக்கிறா மனிசி.

நிஷானி: ...ஓம் என்ன. பிரவீணா திருப்பி ஏதும் போட்டவளே?

லக்சன்: இப்பதான் வாட்டிலை அம்மாவுக்குப் பக்கத்திலை இருந்து போட்டிருக்கிறாள். வாசிக்கிறன். "பெரியம்மா கையெழுத்துப் போட மாட்டன் எண்டு நிக்கிறா. றிஷி அண்ணா சொன்னால்தான் நெஞ்சைத் திறக்க விடுவாவாம். ஏன் அவர் ஒரு கிழமையா எடுக்கேல்லை?"

நிஷானி: டொக்டர் என்னவாம்?

லக்சன்: இண்டைக்குச் செய்யாட்டி இருதயம் தாங்காதாம். அதிர்ச்சியான கதை ஒண்டும் காதிலை விழக்கூடாதாம்.

நிஷானி: ...எழுது.

லக்சன்: "அம்மா, எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, அதாலைதான் எடுத்துக் கதைக்கேல்லை. நாங்கள் மூண்டு பேரும் சிட்னியிலை இருந்து மெல்பேர்ன் சுத்திப் பாக்க வந்தனாங்கள்"...

நிஷானி: அது பொய்யில்லைத்தானே.

லக்சன்: ஓம். வந்தது மூண்டு பேர்தான். அண்ணி, அழாதேங்கோ. அதையும் எழுதும்.

நிஷானி: அழுகையை எப்பிடியடா எழுதும்?

லக்சன்: இஞ்சை பாருங்கோ. "உஸ் உஸ்" எண்டு போட்டிருக்கு.

நிஷானி: விசரன்... சரி, போனை எடு, சட்டியை வைக்கட்டும். அம்மாடி, சுளகு மாதிரி எவ்வளவு அகலம்!

லக்சன்: மூண்டு பேருக்கெண்டுதானே அண்ணா புக் பண்ணினவர்.

நிஷானி: வர முந்தியே பண்ணிப்போட்டார். "ஸ்பெயினுக்குப் போக வசதியில்லை, ஸ்பெயின்காரன்ரை சோத்தையாவது திண்டு பாப்பம்" எண்டு... என்ன, இறாலைக் காணேல்லை?

லக்சன்: இறாலும் மட்டியும் போட்டது வேண்டாமெண்டு நான்தான் மாத்திச் சொன்னனான். நீங்கள் கிழமை முழுக்க மீன் தொடேல்லை. கோழியும் முயலும் போட்டது. அதுதானாம் அவங்கடை பழைய முறை.

நிஷானி: மஞ்சளாப் பொங்கல் புக்கை மாதிரிக் கிடக்கு. அடி பிடிச்சிருக்கே?

லக்சன்: அடிச்சோறுதான் ருசியாம். அதுக்குத்தான் இஞ்சை அடிபடுவாங்களாம்... பரிமாற வந்த பிள்ளை உங்கடை காதிலை என்ன சொல்லிப்போட்டுப் போகுது?

நிஷானி: மூண்டாவது சாப்பாட்டுக் கோப்பையை இப்ப வைக்கட்டோ, ஆள் வந்தாப்பிறகு வைக்கட்டோ எண்டு.

லக்சன்: வரமாட்டார் எண்டு சொல்ல வேண்டியதுதானே.

நிஷானி: சொன்னனான். இல்லையாம்... காலமை போன் எடுத்தவராம். கொஞ்சம் பிந்தும், இருங்கோ எண்டு சொன்னவராம்.

லக்சன்: ஆர்?

நிஷானி: றிஷியாம். நீயோ எடுத்தனி?

லக்சன்: நான் ஏன் எடுக்கிறன்?

நிஷானி: சத்தியமா?

லக்சன்: அந்தோனியார் ஆணை. வேறை ஆரேன் றிஷியா இருக்கும் அண்ணி. மெல்பேர்னிலை றிஷிக்கோ பஞ்சம்? எங்கடை சனம் இருக்கிற டார்னெய்ட்டிலை நிண்டு கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவாங்கள்.

நிஷானி: கதை விளங்கேல்லையாம். ஒரே காத்துச் சத்தமாம்.

லக்சன்: சாப்பிடுங்கோ அண்ணி. நேரம் போகுது. ஒரு வாய் வையுங்கோ, நான் படம் எடுத்துப் போடுறன்.

நிஷானி: அந்தக் கதிரை விழாமல் எடு.

லக்சன்: ஓம்... எடுத்திட்டன். என்ன, முகத்தைச் சுழிக்கிறியள்?

நிஷானி: உப்பு. அள்ளிக் கொட்டியிருக்கிறாங்கள்.

லக்சன்: என்ரை பக்கம் உப்பே இல்லையே?

நிஷானி: இஞ்சாலை இருந்து எடுத்துப் பார்.

லக்சன்: ...த்தூ! தண்ணியைத் தாங்கோ. கடல்தண்ணி!

நிஷானி: லக்சன், போவம். எனக்கு இது சரியாப் படேல்லை.

லக்சன்: அம்மாவுக்கு அனுப்பிப்போட்டுப் போவம். ஒரு நிமிசம், மூச்சு விடாமல் இருங்கோ. "அம்மா, இண்டைக்கு இஞ்சை பயேயா எண்டொரு சாப்பாடு. எங்கடை மஞ்சள் புக்கை மாதிரி, கோழியும் முயலும் போட்டிருக்கு. நிஷானிக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு. நீங்கள் பயப்பிடாமல் கையெழுத்துப் போடுங்கோ. மடுமாதா இருக்கிறா." ...அனுப்பிட்டன். படமும் போட்டுது.

நிஷானி: வாசிச்சுப் பாக்காமலோ?

லக்சன்: வாசிச்சால் அனுப்ப மாட்டன் எண்டுதான்.

நிஷானி: கொண்டா இஞ்சை. "...கோழியும் முயலும் போட்டிருக்கு. நிஷானிக்கும் நல்லாப் பிடிச்சிருக்கு. இஞ்சை சரியான இருட்டு"... இதென்ன?

லக்சன்: என்ன?

நிஷானி: "இஞ்சை சரியான இருட்டு." ஏன் அப்பிடிச் சொன்னனி?

லக்சன்: நான் சொல்லேல்லை. பக்கத்து மேசையிலை ஆரேன்...

நிஷானி: பக்கத்து மேசையிலை வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும். அவை தமிழோ கதைக்கினம்?

லக்சன்: அண்ணி, இப்பிடி முழிக்காதேங்கோ.

நிஷானி: ...டேய். இண்டைக்கு என்ன கிழமை?

லக்சன்: வெள்ளி. பின்னேரம் பிளேன். ஏன்?

நிஷானி: தவக்கால வெள்ளியடா, இறைச்சி தொடக்கூடாத நாள்! அவர் இண்டைக்குக் கோழி திண்டதெண்டு மாமிக்கு எழுதியிருக்கிறாய்! சின்னனிலை காய்ச்சலோடை கிடந்தும் இறைச்சி ரசம் குடியாத மனிசன்!

லக்சன்: ஐயோ... ஐயோ அண்ணி, எனக்கு அது மண்டையிலையே வரேல்லை. அழிக்கிறன், நில்லுங்கோ...

நிஷானி: கெதியா!

லக்சன்: நீல ரிக் விழுந்திட்டுது. பிரவீணா வாசிச்சுக் காட்டியிருப்பாள்.

நிஷானி: எதையாவது சொல்லு. கடைக்காரன் மாறிக் கொண்டந்திட்டான் எண்டு எழுது.

லக்சன்: அண்ணி... பதில் வருது. அம்மா வொய்ஸ் போடுறா.

நிஷானி: என்ரை மாதாவே. போடு. நான் கேக்கிறன், போடு.

அம்மாவின் குரல்: லக்சன்... நீதான் எண்டு தெரியும் ராசா. அழாதை. கோழி எண்டு வாசிச்ச உடனை பிரவீணாவை நிப்பாட்டிப்போட்டன். தவக்கால வெள்ளியிலை மீன் இருக்க இறைச்சி திண்ணுறது எங்கடை கரையிலை ஒரு வீடுதான். கடல் ஒரு ஆளை எடுத்துப்போட்டு இன்னும் குடுக்காத வீடு. உங்கடை அப்பாவைத் தேடின நாளெல்லாம் நானும் மீன் தொடேல்லை... நிஷானி, பிள்ளை, உன்னிலை எனக்குக் கோவமில்லையம்மா. விடியப்புறம் வாட்டுப் போனுக்கு ஒரு கோல் வந்தது. நேர்ஸ் பிள்ளைதான் கூட்டிக்கொண்டு போய்க் காதிலை வைச்சவ. ஒரே காத்து. "அம்மா, தூண்டில் போடப் போய்ப் பாறையிலை வழுக்கிப்போட்டன். தேடின ஆக்கள் தேடுறதை விட்டிட்டினம். தம்பியும் நிஷானியும் இண்டைக்குப் பிளேன் ஏறப்போகினம்" எண்டான். மயக்கத்திலை கேட்டனெண்டு நினைச்சிருந்தன். இப்ப விளங்குது... நான் கையெழுத்துப் போட்டிட்டன், என்னைப் பற்றி யோசியாதேங்கோ. பிளேன் ஏறாதேங்கோ மக்கள். அவன் விழுந்த பாறைக்குப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.