பாலத்து நேரம்

எங்கள் வேட்டை முகாமை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள். கேட்டேன். வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்பா வாயிலிருந்த இறைச்சியை மென்று முடித்துவிட்டுச் சிரித்தார்.

"குடும்பத்துலயே மொத மொத டிகிரி வாங்கினவ நீதான். நீ எதுக்குடி கழுதைக்கு லாடம் அடிக்கணும்? முகாம் கோர்ட்டுக்குத்தான்."

கோர்ட் என்றால் கோர்ட்லண்ட், என் தம்பி. நல்லவன். "கவலப்படாதக்கா, சமையல் எப்பவும் ஒனக்குத்தான். ஒன்ன விட்டா இந்த பீன்ஸ யாரு கருக்குவா?" என்றான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். முகாமின் வேட்டை உரிமத்துக்கு ஆறு வருடமாக, வருடாவருடம் விண்ணப்பம் எழுதியவள் நான். கோர்ட் அந்தப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவனுக்குத் தெரியாது. நான் கோபப்படவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

அதன்பிறகுதான் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன்.

மலைக்கு எந்தக் கடிகாரம் நல்லது என்று எங்களிடம் வரும் வேட்டைக்காரர்கள் கேட்பார்கள். எண்கள் பெரிதாக இருக்க வேண்டும். இருட்டில் தானாக ஒளிர வேண்டும். பாறையில் இடித்தாலும் கண்ணாடியில் கீறல் விழக்கூடாது. நேரம் மாற்றும் திருகு மறையிட்டு இறுகப் பூட்டிக்கொள்வதாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் சட்டைக் கையில் மாட்டி அதுவே திரும்பிவிடும். அப்பாவின் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போனவை. அப்படிப்பட்ட திருகை அவரால் திறக்க முடியாது. கடையில் நின்று நானே நாலைந்து கடிகாரங்களைத் திருகிப் பார்த்து, இருப்பதிலேயே இறுக்கமானதை எடுத்தேன்.

எங்கள் ஊர் சால்மன் ஆற்றுக்குத் தெற்கே, முகாம் வடக்கே. ஆற்றின் இரு கரைக்கும் நேரக் கணக்கு வேறு; பாலத்தைத் தாண்டினால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் குறைந்துவிடும். மலையில் கைபேசி எந்தக் கரையின் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்தக் கரையின் நேரத்தைக் காட்டும், அதை நம்பி யாரும் துப்பாக்கி தூக்குவதில்லை. ஆகவே பாலத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, எல்லோரும் ஒன்றாகக் கடிகாரத்தைப் பின்னுக்கு வைப்போம். அந்த வருடமும் வைத்தோம். புதுக் கடிகாரம் அப்போது என் பைக்குள் பெட்டியோடு இருந்தது.

மூன்றாம் நாள் விடியுமுன், காபி கொடுக்கும்போது அதை அப்பாவிடம் நீட்டினேன். பழையதைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். அவர் கையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடேங்கப்பா, கண்ணாடி இல்லாமலே தெரியுதே. நேரமெல்லாம் வச்சிட்டியா?"

"கடையிலயே வச்சிட்டேன்பா."

அது பொய் இல்லை. கடை தெற்குக் கரையில் இருக்கிறது.

"ஆறா ஆயிடுச்சு? டேய், கெளம்புடா. இவ காபி போட்டு முடிக்கறதுக்குள்ள மான் கனடாவுக்கே போயிடும்."

அந்த இடத்தில் கோர்ட் தன் மணிக்கட்டைப் பார்த்திருக்கலாம். அவனுடையதில் ஐந்து. அப்பா திட்டினால் கடிகாரம் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. "அக்காவுக்கு மெடல் குடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸை மாட்டினான். தாமதத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஏற்பாடு முந்தின மாலையே பேசியது. கோர்ட் கீழ்க்காட்டுக்குள் நடந்து எல்க் மான்களைக் கலைப்பான். ஒன்பது மணிக்குள் ஓடையைத் தாண்டி வெளியே வந்துவிடுவான். மேட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஒன்பது வரை கீழ்க்காட்டுப் பக்கம் சுடமாட்டார். ஒன்பதுக்குப் பிறகு அங்கே அசைகிற பழுப்பு எல்லாம் மான்தான். இருபது வருடமாக இது தவறியதே இல்லை. கோர்ட்டின் கோட்டும் பழுப்பு. ஆரஞ்சு அங்கி போடச் சட்டம் எங்கள் மாநிலத்தில் இல்லை. நான் ஒருமுறை வாங்கி வந்தபோது, "பூசணிக்காய் வேஷம் டவுன்காரனுக்கு" என்று அப்பா அதைக் கழுதைக்கு மாட்டிவிட்டார்.

எட்டு பத்துக்கு ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அப்பா குறி தவறாதவர். நான் கழுதையில் ஏறிப் போனேன். அவர் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் ரத்தம். அவரை ஓடைக்குக் கூட்டிப் போய், கடிகாரத்தைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டேன். கழுவி முடித்து அதைத் திரும்ப மாட்டியபோது முள் ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. திருகு கொஞ்சம் இறுக்கம்தான், பல்லால் கடித்துத் திறந்தேன்.

ஷெரிஃப் வந்து அப்பாவுடையது, கோர்ட்டுடையது இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டிலும் ஒரே நேரம். விபத்து என்று எழுதிக்கொண்டார்.

நேற்றுக் காலை வீட்டுச் சமையலறையில், முகாமை எனக்கு மாற்றும் கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒம்பதுன்னுதாம்மா தெரிஞ்சுது. நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுது. நீயே சொல்லு, எட்டு மணியப் போயி ஒருத்தன் ஒம்பதுன்னு பாப்பானா?"

என் தம்பியை நான்தான் கொன்றேன். அந்தச் சமையலறையில் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உரிமம் போய்விடும். அடுத்த பருவத்துக்குப் பதினொரு பேர் பதிவு செய்திருக்கிறார்கள்.

"வயசானா கண்ணு அப்படித்தாம்பா" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, கதவைச் சாத்திவிட்டுத் தபால் நிலையத்துக்கு நடந்தேன். அவரைத் தனியாக விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். இனி அவரை என்னைப் போல யார் பார்த்துக்கொள்வார்கள்?