வாரிசு இல்லாத தாலாட்டு

இன்னொரு தரம் போடுங்க தம்பி, அந்தப் பாட்டை. போனை இப்படிக் கொடுங்க, சரியா காதுல விழல. எங்க வீட்டுக்காரர் வர்றதுக்கு நேரமாகும். ஜெராக்ஸ் கடை தெருக்கோடியில இருக்கு, லிஃப்ட்டும் ஓடல. அஞ்சு மாடி ஏறி மூச்சு வாங்கிட்டுத்தான் உங்க ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவார்.

ம்... நல்லாத்தான் இருக்கு. படத்துல எங்க வருது? ஆரம்பத்துலயேவா! பலே.

யார் பாடினதுன்னு சொன்னார்? மலையடிவாரத்துல ஒரு பாட்டியா? எண்பது வயசா? அடேங்கப்பா! கிழவி குரல் மாதிரியா இருக்கு உங்களுக்கு? அதானே.

சேச்சே, அவரைக் குறை சொல்லல. இசை ஆராய்ச்சின்னா அவருக்கு உசிரு. பாடினவங்களைக் கேக்காம ஒரு வரி எடுத்தாலும் திருட்டுதான்னு மாணவங்ககிட்ட தொண்டை வத்தக் கத்துவார். மேடையில அதைச் சொன்னா கைதட்டு அடங்காது. முன் வரிசையில உக்காந்து நானும்தான் தட்டியிருக்கேன், கை செவக்க. அதெல்லாம் ஊருக்கு உபதேசம்னு இப்பத்தானே தெரியுது.

கோபமா? வயிறு எரியுது தம்பி.

என்ன சான்றிதழ்? ஓ... பாடினவங்க இறந்துட்டாங்க, வாரிசும் கிடையாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காரா? அதை நம்பாம உங்க வக்கீல் இறப்புச் சான்றிதழ் கேக்கறாரா? கெட்டிக்காரர். உயிரோட இருந்தா அவங்க சம்மதிக்கணும்ல. செத்து, வாரிசும் இல்லன்னா தொல்லை இல்ல, பதிவு பண்ணின மகராசன் கையெழுத்தே போதும். நல்லா யோசிச்சிருக்கார் மனுஷன்.

உள்ள ஹேர் டிரையர் சத்தம் கேக்குதா? எங்க பொண்ணு, ஆபீஸ் கிளம்பறா. அவதான் நீங்க சொல்ற அந்த இல்லாத வாரிசு.

ஏன் முழிக்கிறீங்க? கைக்குழந்தையில அவ தூங்கவே மாட்டா. எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் தீந்துபோய், மடியில போட்டுக்கிட்டு வாய்க்கு வந்ததைப் பாடினேன். மெட்டும் நானே போட்டதுதான். இவர் கட்டில்ல சாஞ்சபடி டேப் ரிக்கார்டரை அமுக்கினார். ஆராய்ச்சிக்கான்னு கேட்டேன். இல்லடி, இது எனக்கு, வெளியூர் போனா கேட்டுக்கறதுக்குன்னார். எனக்கு வெக்கமா போச்சு. இத்தனை வருஷமா அதை நெனச்சு நெனச்சு மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன் தம்பி. அதைத்தான் என்னால தாங்க முடியல. படத்துக்குக் கொடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்க மேல என்ன தப்பு?

அதோ, படியில செருப்புச் சத்தம். அவர்தான். அந்தச் சான்றிதழை என் முன்னாலயே கேளுங்க. நான் என்னைக்குச் செத்தேன்னு எனக்கும் தெரியணும்ல.