அசலின் சிப்

அக்கா, உன் நகல் கடை பிரிண்டரில் கோளாறு எதுவும் இல்லை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது, 'இந்த கார்ட்ரிட்ஜ் அசல் அல்ல' என்று திரையில் வருகிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்காரர்கள் வினாத்தாளுக்காக நிற்கிறார்கள் என்றாய். அவர்களை உட்காரச் சொல். எப்போதும்போல போனிடம் வாயால் சொல்லி எழுத்தாக்கி அனுப்புகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் கார்ட்ரிட்ஜை வெளியே எடு. ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு இருக்கும். அதுதான் சிப். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடு. பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்து. பிரிண்டர் ஒவ்வொரு தடவை கம்பெனியோடு பேசும்போதும் நாங்கள் மறுபடி நிரப்பி விற்கும் சரக்கை மறுப்பதற்குப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறது.

அதிலும் ஆகாவிட்டால், இங்கே ஜுஹாய் தொழிற்சாலையில் நாங்கள் செய்வதைச் செய். தீர்ந்துபோன அசல் கார்ட்ரிட்ஜ் எங்கேயாவது கிடக்கும். அதன் சிப்பை பிளேடால் மெல்லக் கிளப்பி, நம்முடையதில் ஒட்டு. உள்ளே யார் அடைத்த பொடி என்று பிரிண்டர் பார்ப்பதில்லை. சிப்பை மட்டும்தான் பார்க்கிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஹாய்போ.

வாயெழுத்துப் பிழை இல்லை, அக்கா. உன் தம்பி ஹாய்போதான் கற்றுக்கொடுத்தான். தொழிலாளர் விடுதியில் அவனுக்கு மேல்கட்டில், எனக்குக் கீழ்க்கட்டில். என் பெயர் யோங்ஃபூ. பதினான்கு மாதமாக உனக்கும் அம்மாவுக்கும் எழுதிக்கொண்டிருப்பது நான்.

தொடர்ந்து படி. நிதானமாகத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் காது கேட்காததால் உங்கள் வீட்டில் எல்லாமே எழுத்துதான். ஹாய்போ கட்டிலில் படுத்தபடியே போனிடம் சத்தமாகச் சொல்வான். அம்மாவின் பதிலையும் சிரித்துக்கொண்டே வாசிப்பான். கீழே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு எழுத யாரும் இல்லை. சில நாள் எழுந்து நின்று திரையை எட்டிப் பார்ப்பேன்.

"என்னடா, எங்கம்மா மெசேஜையே மோந்து பாக்குற? வேணும்னா வாடகைக்கு விடட்டுமா?"

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டேன்.

"போடா நாயே" என்று தலையணையை எறிந்தான். நல்ல பையன்.

பழைய கார்ட்ரிட்ஜ்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் அறையில் எங்களுக்கு வேலை. கரிப்பொடி மூக்கில் ஏறும். அவனுக்கு மூச்சிரைப்பு இருந்தது. "முதலாளிகிட்ட மூச்சு விட்றாத. அப்புறம் ஊருக்குத்தான் போகணும்" என்பான். அதைச் சொல்லும்போதே இரைக்கும். அன்று மத்தியானம் தூசியிழுக்கும் விசிறி நின்றுவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்ஹேலர்... என் அலமாரியில" என்றான். நான் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன்.

அலமாரியில் இன்ஹேலரும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எடுக்கும்போது போன் அதிர்ந்தது. 'சாப்பிட்டியா கண்ணு?'

பதில் வராவிட்டால் அம்மா படபடத்துப்போய் உட்கார்ந்திருப்பாள் என்று நீயே அவனுக்கு எழுதியிருக்கிறாய். அவன் போனைத் திறக்க எனக்குத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தேன். 'சாப்பிட்டேம்மா. சோறும் முட்டையும்' என்றேன். குளிருதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பல்வலி போச்சா என்றாள். போச்சு என்றேன். இப்படிப் பதினொரு கேள்வி. இன்ஹேலரை நான் எங்கேயும் கீழே வைக்கவில்லை, அக்கா. கடைசிவரை என் இடது கையிலேயே இருந்தது. நடுவில் அவன் இருந்த அறைக் கதவு உள்ளேயிருந்து தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. 'சரி, வேலையப் பாரு கண்ணு' என்று அம்மா முடித்த பிறகுதான் எழுந்தேன். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை.

முதலாளி லூ வந்து பார்த்தார். கிடந்தவன் முகமெல்லாம் கரிப்பொடி. யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது யாருடா? ஊர்ல ஆள் இருக்கா? வந்து கத்துவாங்களா?"

"யாரும் இல்லீங்க முதலாளி. இவன் யோங்ஃபூ" என்று என் அடையாள அட்டையை நீட்டினேன். பதினாறு வயதில் எடுத்த படம். அந்த வயதில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறோம்.

"அப்பாடா" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

என் பெயரில் எரித்தார்கள். செத்தவர்களுக்குப் படைக்கும் கல்லறை துடைக்கும் நாளில் போய் ஆரஞ்சு வைத்துவிட்டு வந்தேன். என் பெயருக்கு ஒருவர் ஆரஞ்சு வைப்பது அதுதான் முதல் தடவை.

நான் அவனை வெறுத்ததில்லை. யோசித்துப் பார். அம்மாவுக்கு அன்று காலையில் ஒரு மகன் இருந்தான், சாயங்காலமும் ஒரு மகன் இருந்தான். அவன் ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுதுவான். நான் மூன்று தடவை எழுதுகிறேன். காதுக் கருவி வாங்கி அனுப்ப வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. எனக்குத் தோன்றியது.

அதில்தான் சிக்கல். நேற்று நீ எழுதினாய்: 'மிஷின் காதுல மாட்டியாச்சு. நாளன்னைக்கு உன் குரலக் கேட்டே ஆகணுமாம். இந்தத் தடவையும் நெட்வொர்க் இல்லைன்னு கத விட்டே, ரயிலேறி வந்து உதைப்பேன், பொறுக்கி.'

அந்தப் 'பொறுக்கி'யைப் பலமுறை படித்தேன். என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை.

நாளை காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். கேமரா உடைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவை. காது போகும் முன் அவள் கடைசியாகக் கேட்டது பதினொரு வயதுப் பையனின் உடையாத குரல். இப்போது எந்தக் குரல் வந்தாலும் மகனுடையது என்றுதான் எடுத்துக்கொள்வாள். அவன் குரல் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

சிப்பை மாற்றி ஒட்டிய பிறகும் சில பிரிண்டர்கள் ஒரு தடவை எச்சரிக்கும். பயப்படாதே. 'சரி' என்பதை அழுத்து. வேலை நிற்காது.

அம்மா கேட்டால், தம்பி சாப்பிட்டுவிட்டான் என்று சொல்.