டினுஜாவைத் திருப்பித் தரும்படி

நீங்கள் தந்த பேனா நன்றாக எழுதுகிறது. அரசாங்கக் கந்தோர்ப் பேனாக்கள் இரண்டு வரியில் மூச்சு வாங்கிவிடும், இது அப்படியில்லை. முறைப்பாட்டை வாயால் சொன்னால் போதாது, கைப்பட எழுதித் தாருங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால், வெளிநாடு, கண்காட்சி என்று ஓடித் திரிகிற நான் வீட்டையும் பிள்ளையையும் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டீர்கள். அதைக் கேட்காத ஆளே இல்லை. என்னோடு படித்த விஜிதரனும் ஓவியர்தான். வருடத்தில் எட்டு மாதம் ஊரில் இருக்கமாட்டான், வீட்டில் மூன்று பிள்ளைகள். அவனிடம் நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள், கோட்டைப் பற்றிக் கேட்பார்கள். என்னிடம் மட்டும், பிள்ளைக்கு யார் சமைக்கிறது என்று கேட்பார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் வந்தது. நீங்கள் அரச அலுவலர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

என் பெயர் கேதீஸ்வரி. வயது நாற்பத்து நான்கு. இருப்பது தேற்றாத்தீவு. மரப்பலகையில் படத்தைச் செதுக்கி, மை பூசி, துணியில் அச்செடுப்பது என் தொழில். என் முறைப்பாடு இதுதான்: என் தங்கை யசோதினி, பதினான்கு வயதான என் மகள் டினுஜாவைத் தன் பிள்ளை என்று சொல்லி, செங்கலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருக்கிறாள். மகளும் அவளையே தாய் என்கிறாள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது என்று கிராம சேவையாளர் உங்களுக்கு எழுதியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இருக்கிறதே என்றேன். "அது சரி அக்கா, ஆனா ஊர் முழுக்க ஏன் அப்பிடிக் கதைக்குது?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடு கொடுக்காமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில்தான் குடியேறுவார். அம்மா இருந்த வீடு மூத்தவளான எனக்கு வந்தது. யசோவுக்காக அதே வளவின் பின்பக்கம், வாவியைப் பார்த்தபடி, இன்னொரு வீடு எழுப்பினார். நடுவில் பெரிய மண்டபம், வடக்குப் பார்த்த நான்கு யன்னல்கள். கூரை போட்டு முடித்த வருடமே அம்மா கண்ணை மூடிவிட்டார். யசோவின் கலியாணம் வரைக்கும் நீ அதில் வேலை செய்துகொள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் அச்சு இயந்திரத்தை அங்கே இறக்கினேன். அந்த மண்டபத்து வெளிச்சத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? காலையிலிருந்து பின்னேரம் வரை பலகையில் கை நிழல் விழாது. எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேருடைய வேலைத்தலங்களைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று யாருக்கும் வாய்க்கவில்லை.

டினுஜா பிறந்தது பரோடாவில். நான் அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கணவர் ஜெயந்தனுக்குக் கட்டாரில் வேலை, பேறுகாலத்துக்கு வர முடியவில்லை. துணைக்கு யசோ வந்தாள். ஆறு மாதம் என்னோடு இருந்தாள். பிள்ளைக்கு மூன்று மாதமானதும் ஊருக்கு வந்தோம். வான் வண்டியிலிருந்து இறங்கும்போது பிள்ளை யசோவின் கையில் இருந்தது, ஏனென்றால் என் கையில் அச்செடுத்த துணிச்சுருள்கள் இருந்தன. ஊர் கண்டது அவ்வளவுதான். அடுத்த வருடம் கட்டாரில் நடந்த ஒரு விபத்தில் ஜெயந்தன் இறந்துபோனார்.

அதன்பிறகு பிள்ளைக்குச் சோறு ஊட்டியது யசோ, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது யசோ, தலையில் பேன் பார்த்தது யசோ. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது நான். எந்த மாதம் எந்த நாடு, எந்தக் கிழமை அச்சு, எந்த நாள் பிள்ளையோடு என்று பெரிய கலண்டர் ஒன்றில் மூன்று நிறத்தில் குறித்து வைத்திருந்தேன். பிள்ளைக்குப் பச்சை. கொழும்பிலிருந்து வந்த சஞ்சிகைக்காரர்கள் அந்தக் கலண்டரைப் படமெடுத்து முழுப் பக்கத்தில் போட்டார்கள். அவர்களுக்கு யசோ தேநீர் கொடுத்தாள்.

டினுஜாவுக்கு ஐந்து வயதானபோது யசோவுக்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு ஆசிரியரின் சம்பந்தம் வந்தது. தை பிறந்ததும் கலியாணம் என்றார்கள். மாசியில் எனக்குச் சென்னையில் கண்காட்சி, பாதிப் பலகைகள்கூட முடியவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். பெண்ணுக்கு வலிப்பு வருவதுண்டு என்று ஒரே வரி, இடது கையால், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. யசோவும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டாள்.

நான்கு வருடம் கழித்து ரொட்டர்டாமில் என் பெரிய கண்காட்சி. பெண்களின் வீட்டு வேலையைப் பற்றியது. முப்பத்தாறு படங்களிலும் யசோவின் கைகள்தான்: தேங்காய் துருவுகிற கை, மீன் வெட்டுகிற கை, பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுக்கிற கை. யார் கண்ணிலும் படாத உழைப்பு என்று அங்கே நாற்பது நிமிடம் பேசினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கிழமை ஊரில் டினுஜாவுக்கு டெங்கு. எட்டு நாள் யசோ ஆஸ்பத்திரிக் கதிரையிலேயே இருந்திருக்கிறாள். என் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்து, மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிவித்தாள். நான் வந்து சேர்ந்தபோது பிள்ளை தேறிவிட்டது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த பிள்ளையின் தாய்மாமன் ஒருவரை யசோவுக்குப் பிடித்துப்போயிருந்தது.

நல்லரத்தினம் என்று பெயர். வந்தாறுமூலையில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. நாற்பது வயது, தலை பாதி நரைத்து, மெதுவாகக் கதைக்கிறவர். தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு முறைப்படி வந்து கேட்டார். நகை நட்டு ஒன்றும் வேண்டாம், வீடு இருக்கிறதுதானே, அது போதும் என்றார் அந்த அக்கா. சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய், என் பலகைகளுக்கும் மை வாளிகளுக்கும் நடுவில் நின்று, அச்சு இயந்திரத்தைத் தூக்கிவிட்டால் இந்த யன்னலடியில் அடுப்பைப் போட்டுக் குசினி வைக்கலாம் என்று கையைக் காட்டினார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது. யசோ சிரித்துக்கொண்டு நின்றாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கலியாணம் முடிந்தாலும் இதே வளவில்தான் இருப்பேன், பிள்ளையை நான்தான் பார்ப்பேன், நீங்கள் யோசிக்க வேண்டாம் என்று அன்றிரவு என்னிடம் சொன்னாள். பிள்ளையைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

இந்தமுறை வலிப்பு போதாது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் அவளைப் பார்த்த மனிதர் அவர். ஆகவே ஒரு நல்ல படத்துக்கு என்ன செய்வேனோ அதையே செய்தேன். உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொண்டு ஒரு கோட்டை மட்டும் மாற்றினேன். பரோடா, யசோ அங்கே இருந்த ஆறு மாதம், திரும்பி வந்த நாள், பிள்ளை யாருடைய கையில் இருந்தது, எல்லாம் உண்மை. பிள்ளையைப் பெற்றவள் இளையவள். குடும்ப மானத்துக்காக மூத்தவள் தன் பெயரில் பதிந்துகொண்டாள். மாற்றிய கோடு அது. எழுத்தை ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் எழுத்தாக்கினேன். சற்று வலப்பக்கச் சாய்வு, பழைய காலத்து எழுத்துகள், இரண்டே இடத்தில் கை நடுக்கம். கூடினால் நாடகமாகிவிடும். நான்கு தாளைக் கிழித்துவிட்டு ஐந்தாவதைச் செங்கலடியில் இருக்கிற அவருடைய அக்காவின் பெயருக்குத் தபாலில் போட்டேன். வேலை திருப்தியாக வந்திருந்தது.

இதை வாசித்து என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். ஆனால் என் ஆத்திரத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒருத்தராவது நம்பாமல் விட்டிருக்கலாம். அது கேதீஸ்வரியின் பிள்ளை, முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செங்கலடியில் தொடங்கிய கதை இரண்டு கிழமையில் எங்கள் தெரு ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது. எல்லாரும் நெடுநாள் தெரிந்த விசயம்போலத் தலையாட்டினார்கள். பெற்றவள் நான், ஆனால் அவளைப் பெற்றவளாக என்னை ஒரு சனமும் பார்த்திருக்கவில்லை. அந்த அவமானம் என்னுடையது. யசோவுக்கு ஒரு சம்பந்தம்தான் போனது.

நல்லரத்தினம் தனியாக ஒருமுறை வந்தார். உண்மையாக இருந்தாலும் தனக்குப் பரவாயில்லை, மறைக்காமல் சொல்லிவிட்டால் போதும் என்று யசோவிடம் கேட்டிருக்கிறார். அவள் இல்லை என்றிருக்கிறாள். பிள்ளை இருப்பவளைக் கட்டலாம், பொய் சொல்கிறவளைக் கட்ட முடியாது என்று அவர் எழுந்து போய்விட்டார். அன்று பின்னேரம் யசோ என் வேலைத்தலத்து வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க ஒருக்கா வந்து அவரிட்டச் சொல்லுங்க. நீங்க பெத்த பிள்ளையெண்டு. அது போதும்."

மறுநாள் கொழும்பில் ஜப்பான் விசாவுக்கு எனக்கு நேர்முகம். போய்விட்டு வந்து பார்ப்போம் என்றேன். வந்தபிறகு பலகைகள் குவிந்து கிடந்தன. அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஐந்து வருடமும் நல்ல வருடங்கள். ஜப்பான், கொச்சி, இரண்டு முறை பாரிஸ். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்குப் பன்னிரண்டு படம். யசோ கலியாண வீடு, கோயில் என்று எங்கும் போவதை விட்டுவிட்டாள். ஆகவே வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தது, நான் நிம்மதியாகப் பயணம் போனேன்.

போன புரட்டாதியில் பள்ளிக்கூடத்தில் ஏதோ சண்டை. ஒரு பிள்ளை அந்தப் பழைய கதையை டினுஜாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே என்னிடம் வந்தாள். நான் கொச்சிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு வான் வரும்.

"என்னைப் பெத்தது ஆர்?" என்று கேட்டாள்.

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால், அப்படியென்றால் கதையைக் கட்டிவிட்டது யார் என்பாள். கெட்டிக்காரப் பிள்ளை. அதைக் கதைத்து முடிக்க நாலு மணி போதாது. சின்னம்மாவிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டு, பெட்டியைப் பூட்டினேன்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் திறப்பை வாங்கிப் பூட்டைத் திறந்தேன். மேசையில் மகள் எழுதிவைத்த கடதாசி. யசோவிடம் கேட்டாளாம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இவளுடைய கையைப் பிடித்து, "ஓம் மகள், நான்தான்" என்றாளாம். எனக்கு அப்பவே தெரியும் என்று டினுஜா எழுதியிருந்தாள். தெரியுமாம். பெற்ற எனக்கே தெரியாதது அவளுக்குத் தெரியுமாம்.

செங்கலடிக்குப் போனேன். சந்தையடியில் ஒரு தையல் கடை, அதற்குப் பின்னால் ஒரு அறை. யசோ அந்தக் கடையில்தான் தைக்கிறாள். டினுஜா உள்ளே கொப்பியை விரித்துக்கொண்டு இருந்தாள், நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். யசோ வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த மொட்டைக் கடதாசியில இருந்ததைத்தானே அக்கா நான் சொன்னனான். அதை எழுதின ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க. பொய்யெண்டு அந்த ஆள் வாயால சொல்லட்டும். பிள்ளையை விடுறன்."

அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. எட்டரை மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஆகவே எழுதின ஆளை உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு கடிதத்தையும் எழுதியது நான். யசோவின் இரண்டு சம்பந்தத்தையும் கலைத்தது நான். அவளுக்கென்று கட்டிய வீட்டில் இன்றுவரை வேலை செய்வதும் நான். டினுஜாவைப் பெற்றதும் நான். ஆனால் ஒன்றை நீங்கள் மறந்துவிடக்கூடாது. நான் எழுதியது முன்பின் தெரியாத ஆட்களுக்கு, அதுவும் கடதாசியில். யசோ ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். தாயையும் பிள்ளையையும் பிரிக்க ஒரு பெண்ணுக்கு எப்படித்தான் மனம் வந்தது? அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன தண்டனை உண்டோ தெரியாது. நான் தண்டனை எதுவும் கேட்கவில்லை. அவள் என் தங்கை, அவளில் எனக்குப் பாசம் உண்டு.

நான் கேட்பது இதுதான். இந்த மாதம் இருபதாம் திகதிக்கு முன்னர் டினுஜாவை என் வீட்டில் சேர்க்க வேண்டும். யசோ பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை சாப்பிடாது, நித்திரை கொள்ளாது. ஆதலால் அவளையும் கூடவே அனுப்பி வையுங்கள். இருபத்திரண்டாம் திகதி நான் லிஸ்பனுக்குப் போகிறேன்.