தானே இறங்கினார்

அன்று ஈப்போ போகிற பேருந்தில் ஓட்டுநர், தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர், நான், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். வேறு யாரும் இல்லை. பத்து காஜா தாண்டியதும் ஜன்னலோரத்துப் பெண் கேட்டார்:

"ரெண்டு காலும் எடுத்த மனுசன் எப்படிக்கா தானே கட்டில விட்டு எறங்குவாரு?"

மறுநாள் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கப் போகிறவன் நான். முன்னால் சாய்ந்து கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தவர் தனியார் மருத்துவமனைச் சீருடையில் இருந்தார்.

"எங்க ஆளுங்க கட்டில் கம்பிய ஏத்திவிட மறந்துட்டாங்கமா. அவரு விழுந்ததும் பயத்துல ‘தானே எறங்கினார்’னு எழுதிட்டாங்க. இப்ப எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே பட்டியல் வருது லா. எந்தத் தப்புக்கு என்ன பேருன்னு அதுல இருக்கும். இனிமே ‘கம்பி ஏத்தல’ன்னுதான் எழுதணும்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கும் மாத்தி எழுதச் சொல்லுங்க."

"பழச மாத்துறது சூசா லா, ரொம்ப கஷ்டம். இனிமே விழுறவங்களுக்குத்தான் புதுப் பேரு."

"ஓகோ. அவர இன்னொரு வாட்டி விழச் சொல்றேன். ஒரு பக்கத்து இடுப்பு இன்னும் நல்லாத்தான் இருக்கு."

சீருடைக்காரர் கைப்பையைத் திறந்தார், எதையும் எடுக்காமல் மூடினார். ஜன்னலோரத்துப் பெண் விடவில்லை.

"உங்க தப்புன்னு எழுதியிருந்தா இடுப்பு ஆபரேஷன் காசு உங்க ஆஸ்பத்திரியோட பொறுப்பு. தானே எறங்கினதால எங்க தலையில."

"இன்னும் எவ்ளோமா பாக்கி?"

"நாலாயிரத்து முந்நூறு வெள்ளி."