வாரம் ஒன்றரை மில்லிமீட்டர்

ஆய்வுக் கட்டுரை எழுதுவதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது. காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி இருந்தால், அதைத் திருத்தும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ கவனக்குறைவாக ஒரு காரியத்தைச் செய்துவிட்டேன் என்று இந்த விசாரணைக் குழு நினைத்துவிடக் கூடாது.

உளவியல் துறையில் ஒன்பது ஆண்டுகளாக ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். இந்த ஒன்பது ஆண்டுகளில் பதினோரு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் முதல் பெயர் துறைத் தலைவருடையது, இரண்டாவது என்னுடையது. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. பெயர் எந்த இடத்தில் இருந்தால் என்ன, அறிவியல் வளர்ந்தால் சரி.

மாணவர்கள் அவருக்கு ‘கையெழுத்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “கையெழுத்து வந்தாச்சா?” “இப்பதான் வந்துச்சு, மூடு நல்லா இருக்கு, போ.” எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஒன்றை மட்டும் பார்ப்பார்: தன் பெயருக்கு முன்னால் இருக்கும் இரண்டு இனிஷியலும் சரியாக இருக்கின்றனவா என்று. மற்றபடி நல்ல மனிதர். என்னை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. என்னிடம் பேசியதே குறைவு.

மூன்றாவது கட்டுரையின் கையெழுத்துப்படியில் ஐந்தாம் பக்கத்து நடுவில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். ‘ஐயா, இந்த வரிவரை வந்துவிட்டீர்கள் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், ஒரு காபி வாங்கித் தருகிறேன்.’ இரண்டு நாள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் காபியை நானே குடித்தேன். இதை முன்னோட்டச் சோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாவது கட்டுரைக்கான யோசனை அப்படித்தான் வந்தது. ஓர் அதிகாரியின் தன்மதிப்புக்கும் அவர் உட்காரும் உயரத்துக்கும் தொடர்பு உண்டா? இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை. அளப்பதற்கு ஓர் அதிகாரி வேண்டும், ஒரு நாற்காலி வேண்டும். இரண்டும் எதிர் அறையில் இருந்தன.

ஒப்புதல் இல்லாமல் செய்தேன் என்று சொல்கிறார்கள். அது தவறு. ஒப்புதல் படிவம் கோப்பில் இருக்கிறது. ‘என் நாற்காலியின் கால்களை வாரம் ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் குறைத்துக்கொண்டு வருவதற்கும், அதனால் என் மனநிலையில் ஏற்படும் மாற்றங்களைப் பதிவு செய்வதற்கும் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ எளிய நடையில், தடித்த எழுத்தில் இருக்கிறது. அவர் அதில் இனிஷியலைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், “வேற ஏதாவது இருக்காப்பா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

வேலை சனிக்கிழமைகளில் நடந்தது. சனிக்கிழமை துறைக்கு விடுமுறை. என் மைத்துனர் தச்சு வேலை செய்பவர். நாற்காலி ஆடாமல் நான்கு கால்களையும் ஒரே அளவில் தேய்ப்பது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொண்டேன். சமதளம் பார்க்கும் அவருடைய ரசமட்டத்தையும் இரவல் வாங்கி வைத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்குப் போவேன். நாற்காலியைக் கவிழ்த்துவைத்து உப்புத்தாளால் தேய்ப்பேன், அளப்பேன், மறுபடி தேய்ப்பேன். கால்களின் அடியில் பழைய நிறத்தையே பூசிவிடுவேன். ஒரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

துறையைக் கூட்டிப் பெருக்கும் அக்காதான் முதலில் கவனித்தார். திங்கள்கிழமை தோறும் தலைவர் அறையில் மரத்தூள் கிடக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். பூச்சி மருந்து அடிப்பவர்கள் இரண்டு முறை வந்து போனார்கள். மூன்றாவது முறை அக்கா என்னிடமே வந்தார்.

“சார், நாற்காலியைக் கரையான் அரிச்சுப் பாத்திருக்கேன். நாலு காலையும் ஸ்கேல் வச்சு அரிக்கிற கரையானை இப்பதான் பாக்கறேன்.”

“ஆராய்ச்சி, அக்கா.”

“அப்படின்னா சரி. தூளை மட்டும் ஒரு பேப்பர்ல புடிச்சிடுங்க.”

கட்டுரையின் நன்றியுரையில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்களில் பெரிய மாற்றம் இல்லை. பத்தாவது வாரத்தில், தன்னைப் பார்க்க வருகிறவர்களை உடனே உட்காரச் சொல்ல ஆரம்பித்தார். அதற்கு முன்பெல்லாம் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிடுவார். பதினான்காவது வாரத்தில் தடித்த அடிப்பாகம் வைத்த புதுச் செருப்பு வந்தது. பதினெட்டாவது வாரத்தில் துறைக் கூட்டத்தில் ஓர் இளநிலை விரிவுரையாளரிடம், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அந்த அறையில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை கேட்டதில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

சில இடையூறுகள் வந்தன. மேசை மார்பு உயரத்துக்கு வந்துவிட்டதால் அவர் நாற்காலியின் மேல் ஒரு தடித்த புத்தகத்தைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். அது ஒரு மாணவியின் முனைவர் பட்ட ஆய்வேடு. அவர் மதிப்பீடு செய்வதற்காக வந்து ஓராண்டாகக் காத்திருந்தது. ஆய்வின் துல்லியம் கெட்டுவிடும் அல்லவா? எனவே வாரா வாரம் அதிலிருந்தும் முப்பது பக்கங்களை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் இயலும் மூன்றாம் இயலும் முழுதாகப் போய்விட்டன. மேலட்டையும் முடிவுரையும் மிஞ்சியிருந்தபோது அவர் அந்த ஆய்வேட்டுக்கு ஒப்புதல் அளித்தார். ‘கச்சிதமாக எழுதப்பட்டுள்ளது’ என்று குறிப்பும் எழுதினார். அந்தப் பெண் இப்போது நல்ல வேலையில் இருக்கிறார். ஆகவே அந்த வகையில் யாருக்கும் நட்டமில்லை.

முப்பதாவது வாரத்தையொட்டி அவர் அலமாரியின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோட்டின் கீழே அன்றைய தேதி. தன் உயரத்தை அளந்து வைத்திருக்கிறார். நான் அந்தக் கோட்டை அழித்துவிட்டு நான்கு மில்லிமீட்டர் மேலே, அதே தேதியுடன், அவருடைய கையெழுத்திலேயே போட்டேன். ஒன்பது ஆண்டுகளில் அவருடைய எழுத்து எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அடுத்த புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அலமாரியோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார்.

“ஏம்பா, உன்கிட்ட ஒண்ணு கேட்பேன், சிரிக்கக் கூடாது. நான் குள்ளமாயிட்டே வர்றேனா?”

“இல்லையே சார்.”

“டாக்டரும் அதையேதான் சொல்றாரு. எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பாத்துட்டாரு. ஆனா எனக்குத் தெரியுதுப்பா. எல்லாரும் என்னைக் குனிஞ்சு பாக்கறாங்க.”

“அப்படியெல்லாம் இல்ல சார். நீங்க எப்பவும் போலத்தான் இருக்கீங்க.”

“நீ சொன்னா சரி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் வெளியே வந்து மணியைப் பார்த்தேன், பதினொன்று இருபது. எழுதிவைத்தேன்.

வீட்டில் என் மனைவிக்கு இந்தச் சனிக்கிழமை வேலை பிடிக்கவில்லை. “அவருக்காக லீவு நாள்ல கூடப் போய் உழைக்கிறீங்க” என்றாள். ஆராய்ச்சிக்காக என்றேன். “என்ன ஆராய்ச்சியோ. கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் பேரை எடுக்காம நீங்க ஒரு வேளை சோறு தின்னதில்ல” என்றாள். பெண்கள் சில விஷயங்களை மிகைப்படுத்திப் பேசுவார்கள்.

ஐம்பத்திரண்டு வாரங்கள் முடிந்தன. மொத்தக் குறைவு எழுபத்தெட்டு மில்லிமீட்டர். கட்டுரையை எழுதி முடித்தேன். தலைப்பு: ‘இருக்கை உயரக் குறைவும் அதிகாரியின் தன்மதிப்பும்: படிக்காமல் கையெழுத்திடும் ஒருவரை முன்வைத்து’. நபரின் அடையாளத்தை மறைக்க வேண்டும் என்பது இதழின் விதி. அதனால் அவரை ‘நபர் அ’ என்றே குறிப்பிட்டேன். ஐம்பத்தாறு வயது ஆண், உளவியல் துறைத் தலைவர் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆசிரியரின் பங்களிப்பையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. எழுதினேன். முதல் ஆசிரியர்: உட்கார்ந்தார். இரண்டாம் ஆசிரியர்: மற்ற அனைத்தும்.

அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசை விளிம்புக்கு மேல் முழங்கைகளை ஏற்றிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஓர் இனிஷியலில் புள்ளி விட்டுப்போயிருந்ததைச் சுட்டிக்காட்டினார். சரியாகத்தான் சொன்னார், திருத்தினேன்.

இதழிலிருந்து ஏழு வாரத்தில் பதில் வந்தது. முதல் மதிப்பீட்டாளர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர் கறாரானவர். நபர் அ சோர்ந்துபோனது நாற்காலியால்தான் என்பதற்கு என்ன உறுதி, வயதாலும் இருக்கலாம் அல்லவா, உயரத்தைப் பழையபடி ஏற்றிப் பாருங்கள், தேறுகிறாரா என்று கவனியுங்கள், பிறகு மறுபடி இறக்கிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. செய்யாமலே செய்ததாக எழுதிவிடுகிறவர்களும் உண்டு. நான் அந்த ரகம் இல்லை.

மைத்துனர் நான்கு மரக்கட்டைகள் வெட்டிக் கொடுத்தார். ஒரே சனிக்கிழமையில் எழுபத்தெட்டு மில்லிமீட்டரையும் ஏற்றினேன். திங்கள்கிழமை அவர் உட்கார்ந்தார், ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார், பிறகு மேசையை இரண்டு கையாலும் தட்டினார். அன்று மதியம் எல்லாருக்கும் பிஸ்கட் வந்தது. அந்த வாரம் வராந்தாவில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். மூன்றாவது வாரத்தில் புல முதல்வர் பதவிக்கு விண்ணப்பம் போட்டார். “இருபது வருஷ ஆசைப்பா. இப்பதான் தைரியம் வந்துச்சு” என்றார். வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

நேர்காணலுக்கு முந்தைய சனிக்கிழமை கட்டைகளைக் கழற்றினேன். இதழ் கொடுத்த கெடு அப்படி விழுந்தது.

புதன்கிழமை விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். “அந்த நாற்காலிக்கு நான் பத்தமாட்டேன்பா” என்றார். நான் இதையும் எழுதிவைத்தேன். இரண்டாம் மதிப்பீட்டாளர் முழு திருப்தி தெரிவித்தார். கட்டுரை ஏற்கப்பட்டது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கல்லூரி ஆண்டு விழாவில், அந்த ஆண்டு வெளியான கட்டுரைகளைப் பாராட்டினார்கள். மேடையில் நாற்காலி பற்றாமல் போகவே, அக்கா எங்கள் துறையிலிருந்து தலைவரின் நாற்காலியையே தூக்கிவந்து போட்டார். அவர் தன் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு மேலே கழுத்தும் தலையும்தான் தெரிந்தன. கல்லூரி முதல்வர் கட்டுரைச் சுருக்கத்தை ஒலிபெருக்கியில் படித்தார். ‘படிக்காமல் கையெழுத்திடும் வழக்கமுடைய’ என்ற இடத்தில் மாணவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ‘நாற்காலியின் நான்கு கால்களும்’ என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. அவர் எழுந்து, அவ்வளவு பேர் முன்னால் முழங்கால் போட்டுக் குனிந்து, தன் நாற்காலியின் கால்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக நான்கையும் தடவிப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை, என்னை அடிக்க வரவில்லை. நான்கு நாள் விடுப்பு எடுத்தார். ஐந்தாம் நாள் என் அறைக்கு வந்தார். ஒன்பது ஆண்டுகளில் அங்கே அவர் வந்தது அதுதான் முதல் முறை. உட்காருங்கள் என்றேன்.

“வேண்டாம்பா. நின்னுக்கறேன்.”

கையில் கட்டுரை இருந்தது. ஓரங்களில் எல்லாம் சிவப்பு மையால் எழுதியிருந்தார்.

“முழுசாப் படிச்சேன். மத்த பதினொண்ணையும் படிச்சேன். நல்லாத்தான் எழுதுற” என்றார்.

குறிப்பேட்டைத் திறந்தேன், எழுதாமல் மூடிவிட்டேன்.

“ஒரே ஒரு சந்தேகம். மூணாவது அட்டவணையில பதினெட்டாவது வாரத்துலயே முடிவு தெளிவா வந்துடுச்சு. கட்டுரைக்கு அது தாராளமாப் போதும். அப்புறம் எதுக்குப்பா இன்னும் முப்பத்துநாலு வாரம்?”

தேர்ந்த ஆய்வாளர் கேட்கும் கேள்வி அது. இவ்வளவு கூர்மையான மனிதர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. என்னிடமிருந்த படியில் மூன்றாவது அட்டவணையைத் திருப்பிப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். அவர் கட்டுரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நாற்காலியைத் தேய்த்தது நான்தான். கோட்டை மாற்றியது நான்தான், ஆய்வேட்டைக் கிழித்தது நான்தான், கட்டைகளைக் கழற்றியதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குற்றச்சாட்டுத் தாளில் ‘தனிப்பட்ட பகையின் காரணமாக’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பகை உள்ளவன் யாராவது விடுமுறை நாளில், சொந்தச் செலவில் உப்புத்தாள் வாங்கிக்கொண்டு வந்து, ஓராண்டு முழுக்க அவ்வளவு பொறுமையாக, ஒரு வாரம்கூடத் தவறாமல் தேய்ப்பானா?